முதுகால் பிடித்த கதவு

"ஐந்நூறு பேர்! கையில தடி, கம்பி, சைக்கிள் செயின். அத்தனை பேரையும் என் மருமகன் ஒத்தை ஆளா, அதுவும் உக்காந்த இடத்துல இருந்தபடியே, வெறும் முதுகால நிறுத்தினான்!"

பீரங்கி என்று ஊரே கூப்பிடும் பெரியவர் இதைச் சொல்லி முடித்ததும் டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் கண்ணாடி டம்ளருக்குள் எதையோ தேட ஆரம்பித்தார்கள். மூலையில் இருந்த ஒருவர் மட்டும் பெரிதாகத் தலையாட்டினார். அவருக்குக் காது கேட்காது.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர் மருமகனை, தங்கை மகனை, அந்தத் தெருவே அறியும். ஒல்லி என்றால் உங்கள் வீட்டு ஒல்லி, எங்கள் வீட்டு ஒல்லி இல்லை. மின்விசிறியை வேகமாக வைத்தால் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தூங்க வேண்டிய ஒல்லி. ஜாடி மூடி இறுகிவிட்டால் திறந்து தரச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்குப் போகிற பையன். அவன் எடையில் பாதி மூக்குக்கண்ணாடி, மீதி தலைமுடி என்று இதே பீரங்கிதான் இதே கடையில் உட்கார்ந்து கேலி செய்திருக்கிறார்.

அதோடு, சொல்கிற வாய் யாருடையது? பீரங்கி வேலைக்காலம் முழுக்கப் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். மலையிறக்கத்தில் பிரேக் அறுந்துபோனபோது படிக்கட்டிலிருந்து ஒரு காலைத் தரையில் ஊன்றியே வண்டியை நிறுத்தியவர். செருப்பிலிருந்து கிளம்பிய புகையைப் பார்த்து இரண்டு தீயணைப்பு வண்டிகள் வந்தன. அவர் ஊதிய விசிலுக்கு அடுத்த ஊர்ப் பேருந்து நின்றது. ஒரு முறை விமானமே தயங்கியது. இவையெல்லாம் அவரே சொன்னவை. அவர் கதை அளக்க ஆரம்பித்தால் பயணிகள் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போவார்கள், திரும்பி நடக்கும்போதும் சிரித்துக்கொண்டே நடப்பார்கள். வாழ்நாளில் யாரும் அவரை நம்பியதில்லை. அது அவருக்கு ஒரு நாளும் உறுத்தியதுமில்லை.

இப்போது உறுத்தியது. நெஞ்சில் முள் மாதிரி இல்லை, இரும்புலக்கை மாதிரி.

நடந்தது இதுதான். பல்கலைக்கழகத்தில் மாணவர் சங்கத் தேர்தல். நுழைவாயிலைப் பிடித்து வைத்திருந்தவர்கள் வாசல் கட்சி, கேண்டீனைப் பிடித்து வைத்திருந்தவர்கள் கேண்டீன் கட்சி. வெளியே பெரிய கட்சிகள் இரண்டு இருந்தன, அவற்றின் குட்டிகள் இவை. சண்டை ஒரு சுவருக்காக. அந்தச் சுவரில் யார் சுவரொட்டி ஒட்டுவது என்று காலையில் வாய்ச்சண்டை, மதியம் கல்வீச்சு. வாசல் கட்சி வேட்பாளர் நூலகத்து மாடியில் வாசிப்பறைக்குள் ஒளிந்துகொண்டான் என்று யாரோ கத்த, கேண்டீன் கட்சி தடிகளோடு மாடியேறியது. அந்த வேட்பாளரோ அன்றைக்கு ஊரிலேயே இல்லை, பல் பிடுங்கப் போயிருந்தான். வாசிப்பறையில் இருந்தவர்கள் எல்லாம் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள். அவர்களில் மருமகனும் ஒருவன்.

மாலையில் அவன் உடல் நூலகப் படிக்கட்டின் கீழே கிடந்தது. பின்மண்டையில் காயம். "பதற்றத்தில் ஓடும்போது மாணவர் ஒருவர் படியில் வழுக்கி விழுந்து மரணம்" என்று பல்கலைக்கழகம் ஒரே வரியில் கணக்கை முடித்தது. மறுநாள் அவன் எங்கள் வீரன் என்று வாசல் கட்சி சுவரொட்டி ஒட்டியது. அதற்கு மறுநாள், இல்லை எங்கள் வீரன் என்று கேண்டீன் கட்சி ஒட்டியது. அதே சுவரில். உயிரோடு இருந்தபோது அவனிடம் மணி என்ன என்றுகூட இரண்டு கட்சியும் கேட்டதில்லை.

மருத்துவமனைப் பிணவறை வாசலில் பீரங்கி நின்றுகொண்டிருந்தபோது, முழங்கையில் கட்டுப் போட்ட ஒரு பெண் அவர் பக்கத்தில் வந்தாள். "சார், நீங்க அவன் வீடா? அவன் ஓடல சார். நாங்க எல்லாரும் ஜன்னல் வழியா இறங்கற வரைக்கும் கதவைப் பிடிச்சுக்கிட்டான்" என்றாள். அதற்குள் யாரோ அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பெயர் கேட்கவில்லை, முகத்தைக்கூட அவர் சரியாகப் பார்க்கவில்லை. கண்ணில் தண்ணீர்.

அவர் அந்த ஒரு வாக்கியத்தை அப்படியே கொண்டுபோய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பழகிப்போன வாய் அல்லவா? காவல் நிலையத்தில் சொன்னபோது வந்தவர்கள் நூற்றைம்பது பேர். பத்திரிகைக்காரரிடம் முந்நூறு. டீக்கடைக்கு வந்து சேர்ந்தபோது ஐந்நூறு ஆகிவிட்டார்கள். பொய் சொல்கிறோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தன் மருமகன் உயிருக்கு நூற்றைம்பது பேர் போதாது என்றுதான் தோன்றியது.

அதன் பலன் விசாரணை அறையில் கிடைத்தது. அரசு ஒரு விசாரணை அதிகாரியைப் போட்டிருந்தது. வழுவழுவென்று சவரம் செய்த முகம், எதிரே ஆறிப்போன காபி.

"காவல் நிலையத்துல நூற்றைம்பதுன்னு சொல்லியிருக்கீங்க. பேப்பர்ல முந்நூறு. இப்ப எத்தனை?"

"ரவுண்டா வச்சுக்கங்க சார்."

"எந்த ரவுண்டு?"

பீரங்கி விரல்களை மடக்கி எண்ண ஆரம்பித்தார்.

"நீங்க நேர்ல பாத்தீங்களா?"

"ஒரு பொண்ணு சொல்லிச்சு சார்."

"பேரு?"

"கேக்கல."

"அடையாளம்?"

"முழங்கையில கட்டு."

"அன்னிக்கு அந்த ஆஸ்பத்திரியில கட்டுப் போடாதவங்களை எண்றதுதான் சுலபம் பெரியவரே."

"சரி சார், என்னை விடுங்க. கதவு பொய் சொல்லாதில்ல? கதவைப் பாருங்க!"

பார்க்கப் போனார்கள். வாசிப்பறைக் கதவு பளபளவென்று நின்றது. கீறல் இல்லை, பள்ளம் இல்லை. தொட்டுப் பார்த்த பீரங்கியின் விரலில் பெயிண்ட் ஒட்டியது.

"இதை மாத்திட்டாங்க சார்!"

"பழைய கதவு கரையான் அரிச்சிருந்தது. வழக்கமான பராமரிப்பு" என்றார் கூட வந்த பதிவாளர்.

"வழக்கமான பராமரிப்பா? இங்க கக்கூஸ்ல பல்பு போயிடுச்சுன்னு என் மருமகன் முதல் வருஷம் எழுதிக் குடுத்தான். மூணாம் வருஷம் வரைக்கும் இருட்டுலதான் போனான். கரையானுக்கு மட்டும் மறுநாளே ஆள் வந்துட்டானா? இந்த வேகத்துல வேலை பாத்தா நீங்க நிலாவுலயே கிளை திறந்திருக்கலாமே!"

"குரலைக் குறைங்க."

"இது குறைச்சதுதான் சார்!"

அதிகாரி எதையோ குறித்துக்கொண்டார். அடுத்த விசாரணையில் பையனின் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்கப்போவதாகவும், வழுக்கி விழுந்தான் என்பதில் அந்த அம்மாவுக்கு ஆட்சேபம் இல்லையென்றால் அத்தோடு விசாரணை முடிந்துவிடும் என்றும் சொன்னார். அப்போதுதான் பீரங்கி உண்மையிலேயே பயந்தார். ஏனென்றால் ஊரிலேயே அவரைக் கொஞ்சமும் நம்பாத ஆள் அவருடைய சொந்தத் தங்கைதான்.

தங்கைக்குப் புருஷன் போய்ச் சேர்ந்து பல வருடம். நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. கதவு மாதிரி மூடியைத் தூக்குவாள், தாளைக் கவிழ்ப்பாள், மூடுவாள், பச்சை வெளிச்சம் அவள் முகத்தில் ஒரு கோடாக ஓடும். நாள் முழுக்க அந்தக் கோடு. பீரங்கி அங்கே போய்ச் சேர்ந்தபோது கடைமுன் இரண்டு இளவட்டங்கள் நின்றிருந்தார்கள்.

"அக்கா, நூறு காப்பி. மூஞ்சி நல்லா தெளிவா விழணும். எங்க ஆளு, உயிரைக் குடுத்தவன்" என்றான் ஒருவன்.

தாளில் மருமகன். கல்லூரி அடையாள அட்டைப் படம், பெரிதாக்கியது. கீழே கேண்டீன் கட்சியின் முழக்கம்.

தங்கை மூடியைத் தூக்கி, கவிழ்த்து, மூடினாள். கோடு ஓடியது.

"டேய், இது யாருன்னு தெரியுமாடா உங்களுக்கு? நீ நிக்கறியே, இந்தம்மா யாருன்னு தெரியுமா?" பீரங்கி வெடித்தார். எதிரே நீதிமன்றத்தில் ஒரு வழக்கு ஒத்திவைக்கப்படும் அளவுக்குச் சத்தம்.

"அண்ணே, சும்மா இரு."

பையன்கள் காகிதக் கட்டை வாங்கிக்கொண்டு நழுவினார்கள்.

"கொன்னவனே படம் ஒட்றான், நீ பிரதி எடுத்துக் குடுக்கற! உனக்கு மனசு என்ன கல்லா?"

"காலைல அவங்க எதிர்க்கட்சி வந்தாங்க. அவங்களுக்கும்தான் எடுத்துக் குடுத்தேன்." அவள் மெஷினின் மேல் விழுந்திருந்த மைத்தூளைத் துடைத்தாள். "ரெண்டு பேர் கொண்டுவர்ற படமும் மங்கல். கண்ணே தெரியல. நான் எடுத்தா வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டி எடுப்பேன். வேற கடைல அவனை இருட்டாக்கிடுவாங்க."

பீரங்கி குரலைத் தாழ்த்தினார். அது அபூர்வம், நீண்ட நேரம் நிற்காது.

"விசாரணைக்குக் கூப்பிட்டா ஆட்சேபம் உண்டுன்னு சொல்லும்மா. அவன் கதவைப் பிடிச்சான்னு சொல்லு."

"எதுக்கு? நீ சொன்னேன்னா? நீ காலை ஊனி பஸ்ஸை நிறுத்தின ஆளு."

"அது வேற, இது வேற!"

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். கலாட்டான்னா புஸ்தகத்தை அப்படியே போட்டுட்டு ஓடி வந்துடுடான்னு ஒவ்வொரு தடவையும் சொல்லித்தான் அனுப்புவேன். ஓடியிருக்கான். வழுக்கிடுச்சு. என் பேச்சைக் கேட்டுத்தான் போயிருக்கான்." அவள் குரல் மாறவே இல்லை. "நீ சொல்றபடி பாத்தா, ஜன்னல் இருந்துச்சு, வழி இருந்துச்சு, வந்திருக்கலாம், ஆனா வரல. அப்படித்தானே? அதை நான் எப்படிண்ணே நம்பறது? வராம இருக்கறதுன்னு அவனே முடிவு பண்ணான்னா நான் எதை வச்சுத் தூங்கறது?"

அடுத்த ஆள் ஏதோ பத்திரத்தை நீட்டினான். மூடி எழுந்தது. கோடு ஓடியது.

பீரங்கி அந்தப் பெண்ணைத் தேடிக் கிளம்பினார். தேடினார் என்றால் பூமியைச் சல்லடை போட்டுச் சலித்தார். பெண்கள் விடுதி வாசலில் நின்று வருகிறவள் போகிறவள் முழங்கையையெல்லாம் உற்றுப் பார்த்ததில் காவலாளி அவரைத் தெருமுனை வரை துரத்திவந்தார். வாசிப்பறையில் இருந்த பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பிடித்தார். "அங்கேயா? நாங்களா? நாங்க அன்னிக்கு சினிமாவுக்குல்ல போனோம்!" அவர்கள் கணக்குப்படி பார்த்தால் அன்றைக்கு அந்தத் திரையரங்கில் உட்கார இடமிருந்திருக்காது. ஒருவனுக்குப் பரீட்சை, ஒருத்திக்குக் கல்யாணம் நிச்சயமாகிறது, ஒருவனின் அப்பா கைகூப்பி, "உங்க பிள்ளை போயிட்டான், எங்க பிள்ளையாவது இருக்கட்டும்" என்றார். பீரங்கியிடம் எல்லாவற்றுக்கும் ஒரு கதை உண்டு, அதற்கு இல்லை. அவர் திட்டிக்கொண்டே நடந்தார். பதிவாளரை, இரண்டு கட்சிகளை, அந்தச் சுவரை, பல் பிடுங்கப் போன வேட்பாளரை, கடைசியில் தன் நாக்கை.

விசாரணைக்கு முதல்நாள் சாயங்காலம் தங்கை வீட்டில் அவர் சோர்ந்துபோய்ச் சுவரில் சாய்ந்திருந்தபோது கதவு படபடவென்று தட்டப்பட்டது. தங்கை திறந்தாள். ஒரு பெண். முழங்கையில் கட்டு இல்லை, கட்டு இருந்த இடத்தில் தழும்பு.

"இங்க பீரங்கின்னு ஒருத்தர்..."

"நான்தான்மா! நான்தான்!" அவர் துள்ளி எழுந்தார்.

"உங்களுக்கு அறிவிருக்கா சார்?"

பீரங்கி ஓரடி பின்வாங்கினார்.

"ஐந்நூறு பேராம், முதுகால தூக்கி எறிஞ்சானாம், கதவைப் பேத்து அதாலயே அடிச்சானாம்! எங்க மெஸ்ல சொல்லிச் சொல்லிச் சிரிக்கறாங்க. அவன் பேரைச் சொல்லிச் சிரிக்கறாங்க சார்! எனக்கு சோறு இறங்கல."

"பேத்து அடிச்சான்னு நான் சொல்லல. அது வேற யாரோ சேத்தது" என்றார் பீரங்கி சின்னக் குரலில்.

"ஆரம்பிச்சு வச்சது நீங்கதானே? எங்கப்பா வாயைத் திறக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தார். நானும் கோழை மாதிரி இருந்துட்டேன். ஆனா இதைக் கேட்டுட்டு எப்படி சார் சும்மா இருக்கறது? முப்பது நாப்பது பேர் இருப்பாங்க. அவ்வளவுதான். அவன் யாரையும் அடிக்கல, எறியல. கத்தக்கூட இல்ல."

தங்கை அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "உக்காரும்மா. என் பையனை உனக்குப் பழக்கமா?"

"பேசினதில்லம்மா. எதிர் மேசை. அவ்வளவுதான்."

"நாப்பது பேர் தள்ற கதவை அவன் பிடிச்சான்னு சொல்ற. எங்க வீட்ல ஜாடி மூடியே அவனுக்குத் திறக்க வராது. எப்படிப் பிடிச்சான்?"

கேட்ட விதத்தில் விசாரணை அதிகாரியே தோற்றுப்போவார். பெண் சற்று யோசித்தாள். பிறகு எழுந்து நடைக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தாள். முதுகைத் தெருக்கதவில் கொடுத்து, முழங்காலை மடக்கி, இரண்டு பாதங்களையும் எதிர்ச்சுவரில் உதைத்து வைத்துக்கொண்டாள்.

"தாழ்ப்பாள் உடைஞ்சிடுச்சும்மா. மேசையைத் தள்ளலாம்னு நாங்க கத்தறோம், யாருக்கும் கை ஓடல. இவன் வந்து இப்படி உக்காந்துட்டான். கதவுக்கு எதிர்ல பெரிய இரும்பு அலமாரி, முழுக்கப் புஸ்தகம். நடுவுல இவ்வளவுதான் இடம். அதுல காலைக் குடுத்துக்கிட்டான். வெளியில இருந்து இடிக்க இடிக்க இவன் கண்ணாடிதான் ஆடுது, கதவு ஆடல. ஜன்னலுக்கு வெளியில சைக்கிள் ஷெட்டோட தகரக் கூரை. ஒவ்வொருத்தராத்தான் இறங்க முடியும். நாங்க முண்டியடிக்கறோம். இவன் என்னவோ பஸ் ஸ்டாப்ல உக்காந்திருக்கற மாதிரி, 'அவசரமில்ல, மெதுவா வாங்க, நான் இங்கதான் இருக்கேன்'னு சொல்றான். திரும்பத் திரும்ப அதையே சொல்றான். நாங்க வெளில போறோம், இவன் 'வாங்க'ன்னு சொல்றான். எனக்கு அப்பவே அது என்னவோ மாதிரி இருந்துச்சு."

தங்கை நின்ற இடத்திலேயே நின்றாள்.

"கடைசில நான்தான். ஜன்னல்ல கால் வச்சேன். பலகை உடையற சத்தம். திரும்பிப் பாத்தேன், ஒரு கம்பி..." அவள் கால்களை மெல்ல மடக்கிக்கொண்டாள். "அவன் அங்கதான்மா கிடந்தான். கதவுகிட்ட. படிக்கட்டுக்கு யார் தூக்கிட்டுப் போனாங்கன்னு எனக்குத் தெரியாது."

தங்கை கைகொடுத்து அவளை எழுப்பினாள்.

பிறகு தங்கை, "அண்ணே, இங்க வா" என்று வீட்டுக்குப் பின்னால் போனாள். பின்சுவருக்கும் பக்கத்து வீட்டு மதிலுக்கும் நடுவே ஒரு குறுகல் சந்து. அங்கே குளியலறை. "உள்ள போய்த் தாழ்ப்பாள் போடு."

"இப்பவா? எதுக்கு?"

"போடேன்."

பீரங்கி உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் திருகினார். தங்கை வெளியிலிருந்து ஒரு விரலால் இழுத்தாள். கதவு ஆடிக்கொண்டே திறந்தது.

"அட, எப்ப கெட்டுப்போச்சு இது? நான் வரும்போதெல்லாம் நல்லாத்தானே இருந்துச்சு? போட்டுட்டுத்தானே குளிச்சேன்?"

"அவன் ஸ்கூல் படிக்கறப்பவே கெட்டுப்போச்சு. தச்சர் இதோ வரேன் அதோ வரேன்னு இன்னும் வந்துக்கிட்டிருக்கார். தாழ்ப்பாள் சுத்தும், பிடிக்காது. கதவு தன்னால திறந்துக்கும். சந்துல அக்கம்பக்கம் போவாங்க வருவாங்க. நான் குளிக்கப் போனா அவன் புஸ்தகத்தை எடுத்துட்டு வந்து இங்க உக்காந்துடுவான். முதுகைக் கதவுல குடுத்து, காலை மதில்ல உதைச்சுக்கிட்டு. காத்தடிச்சாலும் அசையாது. 'அவசரமில்லம்மா, மெதுவா வா, நான் இங்கதான் இருக்கேன்'னு சொல்லிக்கிட்டே படிப்பான்."

"அப்ப நான் குளிக்கறப்ப?"

"நீ குளிக்கறப்பவும் அவன்தான். மாமாகிட்ட சொல்லாதம்மா, நம்ம வீட்டுக் குளியலறைக்குத் தாழ்ப்பாள் இல்லைன்னு பஸ் பஸ்ஸா போய்ச் சொல்லிடுவாருன்னு சிரிப்பான்."

பீரங்கி குளித்தால் வாளிக்கு ஒரு பாட்டு. ஊரில் தண்ணீர்த் தட்டுப்பாடே அவரால்தான் என்பார்கள். அத்தனை பாட்டையும் அந்தப் பையன் இந்தச் சந்தில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்து கேட்டிருக்கிறான். 'அவசரமில்ல மாமா, மெதுவா வாங்க' என்று உள்ளே வரும் அந்தக் குரல் மரியாதைக்குச் சொல்வது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அவர் ஆடிக்கொண்டிருந்த கதவைப் பிடித்துக்கொண்டார். தங்கை உள்ளே போய் அந்தப் பெண்ணிடம், "நாளைக்கு எங்ககூட வருவியாம்மா?" என்று மட்டும் கேட்டாள். அவள் தலையசைத்தாள்.

மறுநாள் மூன்று பேரும் போனார்கள். தங்கை கடைக்கு லீவு சொல்லியிருந்தாள். வழியெல்லாம் பீரங்கி வாயைத் திறக்கவில்லை, பேருந்து நடத்துநர் மீதிச் சில்லறை இல்லை என்றபோதுகூட. விசாரணை அறை பூட்டியிருந்தது. வாசலில் ஸ்டூல் போட்டுப் பியூன் உட்கார்ந்திருந்தார்.

"ஐயா வேற விசாரணைக்குப் போயிட்டார். தேதி மாத்தியாச்சு."

"எந்தத் தேதிக்கு?" என்றாள் அந்தப் பெண்.

"சொல்லி அனுப்புவாங்க."

"யார் சொல்லி அனுப்புவாங்க?"

"அதையும் சொல்லி அனுப்புவாங்க."

பீரங்கி மூச்சை இழுத்த இழுப்பில் நடையில் இருந்த காகிதமெல்லாம் அவர் பக்கம் பறந்திருக்கும். தங்கை அவர் கையைப் பிடித்தாள். பிறகு அந்த ஸ்டூலுக்கு நேராகப் போய் நின்றாள்.

"நீங்க கேட்டுக்கங்க."

"என்கிட்ட சொல்லி என்னம்மா ஆகப்போகுது? நான் டீ வாங்கிக் குடுக்கற ஆளு."

"கேட்டுக்கங்க" என்றாள் மறுபடியும். "படில வழுக்கிட்டான்னு நானும்தான் சொல்லிக்கிட்டிருந்தேன். எங்கண்ணன் சொன்னதை ஊர்ல யாரும் நம்பல, யாரு நம்பினாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். என் பிள்ளையை ஓடச் சொல்லித்தான் அனுப்பினேன். அவன் ஓடல. கதவைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். நடந்துச்சுங்க. அது நடந்துச்சு."